தூக்கத்தில் படிந்த பேரம்

மெத்தைக்கடைக்காரருக்கு வாழ்க்கையில் இரண்டே ஆசைகள். ஒன்று, ஊர்ச் சபையின் தலைவர் நாற்காலியில் உட்கார வேண்டும். இரண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. மோதிக்கொண்டது என்னவோ கனவில்தான்.

சபை மண்டபம் ஜவுளிச் சந்தைக்கு மேலே, மாடியில் இருந்தது. நடுவில் நீளமான மேசை. அதன்மேல் விரித்த பச்சைத் துணி நாலு பக்கமும் முழங்கால்வரை தொங்கும். சன்னல் ஓரமாக ஒன்பது பேர், கதவு ஓரமாக ஒன்பது பேர் உட்காருவார்கள். இரண்டு கட்சிகளுக்கும் நீளநீளமாகப் பெயர்கள் உண்டு, ஆனால் அவை சுவரொட்டிக்கு மட்டும்தான். ஊர் மொத்தமும் சன்னல்காரர்கள், கதவுக்காரர்கள் என்றே சொல்லும். அரசாங்கம் என்பது குடும்பத்தில் மூத்தவன் மாதிரி, யார் தட்டு காலியாக இருக்கிறது என்று பார்த்துப் பரிமாற வேண்டும் என்பது சன்னல் கட்சி. அரசாங்கம் என்பது வாசல் காவலாளி மாதிரி, திருடனைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தன் ஸ்டூலில் போய் உட்கார வேண்டும், அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது கதவுக் கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால்தான் முப்பது வருடமாகச் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஒரு பக்கம் மட்டும் நியாயம் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் கடையைக் கட்டியிருப்பார்கள்.

மெத்தைக்காரர் கதவுக்காரர். மேசையின் கால்மாட்டில், இரண்டு வரிசையும் வளைந்து சந்திக்கும் மூலையில் அவருக்கு இடம். பக்கத்து நாற்காலியில் சன்னல்காரர்களின் கடைசி ஆள், பொத்தான்கடைக்காரர். மெத்தைக்காரருடைய மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. அத்தானும் மாப்பிள்ளையும் மேசைக்கு மேலே அடித்துக்கொள்ளும் அழகைப் பார்க்கவே சனம் பார்வையாளர் பெஞ்சில் இடம் பிடிக்கும். "ஊர்ப் பணத்துல வள்ளல் பட்டம் வாங்கறவங்க" என்பார் இவர். "தலையணைக்குள்ள பஞ்சு இருக்கலாம், தலைக்குள்ள இருக்கக் கூடாது" என்பார் அவர்.

மேசைக்குக் கீழே கதை வேறு.

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்லும் வழக்கமில்லை. இரண்டு பேர் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, விரலால் பேசுவார்கள். மூன்று விரலைப் பிடித்தால் மூன்று. ஐந்தையும் பிடித்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு மறுபடி மூன்றைப் பிடித்தால் எட்டு. வேண்டாமென்றால் உள்ளங்கையில் ஒரு சுரண்டல். படிந்துவிட்டால் முழுக் கையையும் இறுக்கி இரண்டு குலுக்கு. துண்டுக்குக் கீழே ஆண், பெண், பெரியவன், சின்னவன் என்ற பேச்சே கிடையாது, கை மட்டும்தான். குலுக்கிய பிறகு மாற்றிப் பேசுகிறவனோடு மறுநாளிலிருந்து யாரும் துண்டு போட மாட்டார்கள். சந்தையில் அப்படி ஒருவன் இருப்பதைவிட இல்லாமல் போவது மேல்.

பதினோரு வருடமாக ஊரின் பெரிய தீர்மானங்கள் எல்லாம் அந்தப் பச்சைத் துணிக்குக் கீழேதான் படிந்தன. தெருவிளக்கு எத்தனை, தண்ணீர் எத்தனை மணி நேரம், பூங்காவில் பெஞ்சு எத்தனை என்று எல்லாமே மெத்தைக்காரரின் வலது கையும் பொத்தான்காரரின் இடது கையும் முடித்து வைத்தவை. இரண்டு கட்சித் தலைமைக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்குத்தானே தலைமை என்று பெயர்.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது சாயப்பட்டறை விஷயம். ஆற்றங்கரைப் பட்டறையை மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது ஓடிய காலத்தில் ஆறு நீலமாக ஓடும். மூடிய பிறகு தெளிந்துவிட்டது. தெளிந்த தண்ணீரைப் பார்த்து ஊருக்கு என்னவோ துக்கமாக இருந்தது. வேலை போன நாற்பத்தொரு பேருக்குச் சபை உதவித்தொகை கொடுத்துவந்தது. வேலை கிடைக்கிறவரை கொடுக்கலாம் என்பதுதான் பழைய விதி. அந்த விதிக்கு இந்த மாதத்தோடு ஆயுள் முடிகிறது. அதற்குள் சபை கூடி, பட்டறை மூடிய நாளிலிருந்து இத்தனை மாதம் என்று ஒரு வரம்பு வைக்காவிட்டால் உதவி தானாக நின்றுவிடும். நின்றால் பழி கதவுக்காரர்கள் மேல் விழும், நிற்காமல் நீண்டால் மானம் போகும்.

கதவுக்காரர்களின் தலைவர் அச்சகம் நடத்துகிறவர். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு மை. காலையில் மெத்தைக்காரரை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "மூணுல ஆரம்பிங்க. அஞ்சுல முடிங்க. அஞ்சுக்கு மேல ஒரு நகம்கூட நகரக் கூடாது. அஞ்சைக் கொண்டாங்க, அடுத்த வாரம் அந்த நாற்காலி உங்களுக்கு. நானே முன்மொழியறேன்."

பழைய தலைவர் உடம்பு முடியாமல் விலகியதிலிருந்து அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உயர்ந்த முதுகு, சிவப்பு வெல்வெட். மெத்தைக்காரர் அதை வேறொருவர் பார்ப்பது போலப் பார்க்க மாட்டார். உட்காருமிடத்தில் திணிப்பு அமுங்கிக் குழி விழுந்திருக்கிறது, பிரித்து நல்ல பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும் என்று மனசுக்குள் ஏற்கனவே அதைப் பழுது பார்த்தாகிவிட்டது.

கூட்டத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தது யாருடைய மூளை என்று தெரியவில்லை. சன்னல்காரர்களின் தலைவி மருந்துக்கடையம்மா பேச எழுந்தார். அவருடைய குரல் இருமலுக்குக் கொடுக்கிற மருந்து மாதிரி இனிப்பாக, மெதுவாகத் தொண்டைக்குள் இறங்கும். கீழே சந்தையில் பஞ்சு அடிக்கிற சத்தம் தும், தும் என்று ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. பச்சைத் துணிக்குக் கீழே மாப்பிள்ளையின் கை வந்து சேர்ந்தது. ஐந்து, ஐந்து, இரண்டு. பன்னிரண்டு மாதமா? மெத்தைக்காரர் சுரண்டினார். மூன்று விரலைப் பிடித்தார். மாப்பிள்ளை சுரண்டினார். அவசரமில்லை. ஒரு நல்ல பேரம் என்பது சோம்பலாகத்தான் நடக்கும்.

பஞ்சுத் துணுக்கு ஒன்று சன்னல் வழியே ஏறிவந்து மின்விசிறிக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தது. மெத்தைக்காரரின் கண் அதன் பின்னாலேயே போனது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அது இறங்கிய இடத்தில் மேசை இல்லை, ஆறு இருந்தது.

பச்சைத் துணி நீலமாகி, நீராகி ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்மானங்களை வாசித்தார்கள். காகிதம் எதுவும் நனையவில்லை. வெல்வெட் நாற்காலி மட்டும் படகு மாதிரி ஆடி ஆடி அவர் பக்கமாக வந்தது, வந்து அவரைத் தாண்டிப் போனது. கையை நீட்டிப் பிடிக்கலாம்தான். ஆனால் வலது கை தண்ணீருக்குள் யார் கையிலோ இருந்தது.

சின்னக் கை. விரல் நுனியெல்லாம் சொரசொரப்பு. நீரே நீலமாக இருந்ததால் கை எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முகத்தைப் பார்க்க நிமிர்ந்தார். துண்டுக்குக் கீழே பேசும்போது முகம் பார்ப்பது மரியாதையில்லை என்று ஞாபகம் வந்து மறுபடி குனிந்துகொண்டார். அந்தக் கை பத்து என்றது. அவர் நான்கு என்றார். அது கோபித்துக்கொள்ளவில்லை, ஆற்றோடு வந்த கை ஆற்றைப் போலவே பொறுமையாக இருந்தது. ஒன்பது என்றது. ஆறு என்றார். அப்புறம் அது ஐந்து விரலையும் பிடித்து மெல்ல அழுத்தி, விட்டு, மூன்று விரலைப் பிடித்தது.

உறைக்குள் பஞ்சு திணிக்கும்போது ஒரு கட்டத்தில் உள்ளங்கைக்கே தெரியும், இதற்குமேல் ஒரு பிடி வைத்தால் கல்லாகும், ஒரு பிடி எடுத்தால் குழி விழும் என்று. நாற்பது வருடத்துக் கைக்கு அது தெரிந்தது. மெத்தைக்காரர் முழுக் கையையும் இறுக்கினார். ஒரு குலுக்கு, இரண்டு குலுக்கு. ஆறு சலசலவென்று கைதட்டியது.

கைதட்டியது சன்னல்காரர்கள். மருந்துக்கடையம்மா பேசி முடித்து உட்கார்ந்திருந்தார். மெத்தைக்காரரின் தாடை நெஞ்சில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், மாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கல்யாணத்தில் முதல் பந்தியில் இடம் கிடைத்தவர் மாதிரி முகம் மலர்ந்து.

"எட்டு. சந்தோஷம் அத்தான்" என்றார் மாப்பிள்ளை, உதடு அசையாமல்.

"என்ன எட்டு?"

"இப்பத்தானே குலுக்குனீங்க. ரெண்டு தரம்."

மெத்தைக்காரர் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் மாப்பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மெதுவாகப் பிரித்து எடுத்தார், அடுத்த வீட்டுக் குழந்தை நம் வீட்டில் எதையோ உடைத்துவிட்ட மாதிரி.

"மாப்ளே, நான் தூங்கிட்டேன்."

"விளையாடாதீங்க."

"சத்தியமா."

பொத்தான்காரர் கொஞ்சம் யோசித்தார். "குறட்டை மாதிரிதான் கேட்டுச்சு. நான் அதைத் தந்திரம்னு நினைச்சேன். அத்தான் கண்ணை மூடிக்கிட்டு என்னைப் பதற வைக்கிறார்னு. தூக்கத்துல யாராவது பன்னெண்டுல இருந்து எட்டுக்கு இறக்குவாங்களா? முழிச்சிக்கிட்டு இருந்தப்ப என்னை ஒரு மாசம்கூட அசைக்க முடியல உங்களால."

தேநீர் இடைவேளைக்கு மணி அடித்தார்கள்.

அச்சகத்தார் படிக்கட்டில் காத்திருந்தார். "எத்தனை?"

"பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார் மெத்தைக்காரர். பொய் இல்லை. பேச்சு இன்னும் அவருக்குள் நடந்துகொண்டிருந்தது.

"அஞ்சு" என்று அச்சகத்தார் மைபடிந்த ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். "நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொல்லிட்டேன்."

கீழே இறங்கினால், உதவித்தொகைக் கவுன்ட்டர் முன்னால் வரிசை நின்றது. வரிசை என்றால் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற வரிசை. அதற்குக் காரணம் உண்டு. மெத்தைக்காரர் அந்தப் பக்கமாகப் பொதுவாகப் போக மாட்டார். அன்றைக்குக் கால் போனது. கடைசியில் நின்றவளை அவருக்குத் தெரியும். ஆறு வாரத்துக்கு முன்னால் அவர் கடைக்கு வந்து உறை தைக்க வேலை கேட்டவள். தையல் சுத்தமாக இருந்தது. ஆனால் கையெல்லாம் நீலம். வெள்ளைத் துணியில் விரல் பட்ட இடமெல்லாம் வேர்வையோடு நீலம் இறங்கியது. "கை வெளுத்தப்புறம் வாம்மா" என்று அனுப்பிவைத்தார். சந்தையில் எல்லாக் கடையிலும் அதே பதில்தான். முதலில் சொன்னது அவர், மற்றவர்கள் காப்பியடித்தவர்கள்.

"கையைக் காட்டு" என்றார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காட்டினாள். தோலில் நீலம் வெளுத்திருந்தது. நகம் பத்தும் நீலமாகவே இருந்தன. ஒவ்வொரு நகத்தின் அடியிலும் மட்டும் மெல்லிய வெள்ளைப் பிறை ஒன்று எழும்பியிருந்தது. பத்து சின்ன ஆறுகளில் விடிந்துகொண்டிருக்கிற மாதிரி.

"தேய்ச்சா போகாதா?"

"நகத்துக்குள்ள ஊறிப்போச்சு ஐயா. வளர்ந்து வளர்ந்து வெட்டித்தான் போகணும். பட்டறையை விட்டு முன்னாடியே போனவங்க சொல்வாங்க, ஏழெட்டு மாசம் ஆகும்னு. கட்டைவிரல் இருக்கே, அதுதான் ரொம்பப் பிடிவாதம்."

"அதுவரைக்கும் என்ன பண்றே?"

"நீங்கதானே ஐயா சொன்னீங்க, வெளுத்தப்புறம் வான்னு. நகம் வளர்க்கறேன். அதுதான் இப்ப எனக்கு வேலை." கவுன்ட்டர் பக்கம் தலையை ஆட்டினாள். "அதுக்குத்தான் இங்க சம்பளம்."

முன்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மெத்தைக்காரருக்குச் சுருக்கென்றது. கதவுக்காரர் அல்லவா, அவருக்கு இதற்கு உடனே ஒரு பதில் இருந்தது. அரசாங்கம் எதற்கு, மனுஷன் எதற்கு இருக்கிறான்?

"நாளைக்கே கடைக்கு வா. கறுப்புத் துணியில உறை தைக்கலாம். கறை தெரியாது."

"ரொம்பச் சந்தோஷம் ஐயா. நான் வந்துடுவேன். நாங்க நாப்பத்தோரு பேரு." அவள் வரிசையைக் காட்டினாள். "இந்த ஊருல எத்தனை பேரு கறுப்பு மெத்தையில படுப்பாங்க?"

கறுப்பு மெத்தையில் யாரும் படுக்க மாட்டார்கள். அது அவருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். ஒருமுறை கடன் பாக்கிக்கு வந்த கறுப்புத் துணியில் பத்து மெத்தை தைத்துவிட்டுப் பத்தையும் கடைசியில் தன் உறவுக்காரர்கள் கல்யாணத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துத் தீர்த்தவர் அவர். அந்த உறவு எதுவும் இப்போது பேச்சுவார்த்தையில் இல்லை.

அங்கிருந்து தெருவைக் கடந்து தன் கடைக்குப் போய், அடுக்கி வைத்திருந்த மெத்தைகளின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டார். பதினேழு மெத்தை உயரத்தில் கூரை பக்கத்தில் இருக்கும், உலகம் தள்ளி இருக்கும். மனைவி கணக்கு மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, சபையில தூங்கினது பத்தலையா?"

"யாரு சொன்னா?"

"தம்பி இப்பத்தான் வாசல்ல நின்னு சிரிச்சுட்டுப் போனான்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆறு, நாற்காலி, நீலக் கை. மேலேயிருந்து சொன்னதால் ஏதோ ஆகாயத்திலிருந்து குரல் வருகிற மாதிரி இருந்தது. "தூக்கத்துல பேசினது செல்லாதுன்னு சொல்லிடலாம்ல? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அது நான் பேசினது இல்லைன்னு."

"யாரு பேசினது?"

"கை."

"யாரோட கை?"

மனைவி மேசையிலிருந்த தலைவலித் தைலத்தைத் திறந்து நெற்றியில் தடவிக்கொண்டாள், தலைவலி அவளுக்குத்தான் என்பது போல. "நீங்க தூங்கினீங்கன்னு சந்தையில சொன்னா நம்புவாங்க. உங்களைத் தெரியும். அதுக்கப்புறம் யாராவது உங்க துண்டுக்குக் கீழ கையை நீட்டறப்ப, 'முழிச்சிட்டிருக்கீங்களா'ன்னு கேட்டுட்டுத்தான் நீட்டுவாங்க. பரவாயில்லைன்னா சொல்லுங்க. நாற்காலியில உக்காந்தவருக்கு வியாபாரம் எதுக்கு?"

அவளுடைய தம்பி வேறு கட்சி என்பதை அவர் அடிக்கடி மறந்துவிடுவார். அவள் எந்தக் கட்சி என்று கேட்க அவருக்கு இதுவரை தைரியம் வந்ததில்லை.

ஐந்து மணிக்கு மண்டபத்தில் வெயில் சாய்ந்து வந்து பச்சைத் துணியைப் பொன்னாக்கியிருந்தது. வெல்வெட் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். தூசி போனதில் குழி இன்னும் நன்றாகத் தெரிந்தது. வழக்கம் என்னவென்றால், மேசைக்கு அடியில் படிந்த எண்ணை இரண்டு பேரில் ஒருவர், அப்போதுதான் தோன்றிய மாதிரி எழுந்து சொல்ல வேண்டும். மற்றவர் பத்து நிமிடம் திட்டிவிட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மெத்தைக்காரர் எழுந்தார். கனவிலிருந்து பாதி மட்டும் வெளியே வந்தவர் மாதிரி, காலடியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நான் கதவுக்காரன். சாகறவரைக்கும் கதவுக்காரன்தான்" என்று தொடங்கினார். "ஒரு மனுஷன் வேலை செஞ்சு சாப்பிடணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லை. ஆனா இந்தச் சந்தையில அவங்களுக்கு வேலை இல்லைன்னு சொன்னது அரசாங்கம் இல்லை. நான் சொன்னேன். நகம் வெளுத்துட்டு வான்னு சொன்னேன். நகத்தை வேகமா வளரச் சொல்றதுக்கு என்கிட்ட ஒரு தீர்மானமும் இல்லை. நான் ஒரு பொருளுக்குத் தவணை சொன்னா, அந்தத் தவணை முடியறதுக்குள்ள கடையைப் பூட்டறது நியாயமில்லை. எட்டு மாசம். அதோட நிறுத்திக்கலாம். அதுக்கு மேல ஒரு நாள் கேட்டாலும் நானே எழுந்து எதிர்ப்பேன்."

அச்சகத்தார் மேசைமேல் விரித்திருந்த ஐந்து விரலை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"மெத்தைக்காரரே, நம்ம கட்சி முடிவு என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு தலைவரே."

"அப்புறம் இது என்ன?"

"இது கை கொடுத்தது. கட்சிக்கு முன்னாடியே எனக்குக் கை இருந்துச்சு."

அச்சகத்தார் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் வீட்டில் மெத்தை, அச்சகத்தில் காகிதம் எல்லாம் இந்தச் சந்தையில் துண்டு போட்டு வாங்கியதுதான். ஆனால் ஓட்டெடுப்பில் கதவுப் பக்கம் எட்டுக் கை கீழேயே இருந்தது. சன்னல் பக்கம் ஒன்பது கை உயர்ந்தது. மெத்தைக்காரர் தன் வலது கையைப் பார்த்தார், "நீ ஆரம்பிச்சே, நீயே முடி" என்பது போல. அது தானாக உயர்ந்தது. பத்து.

வெல்வெட் நாற்காலி மறு வாரம் பசைக்கடைக்காரருக்குப் போயிற்று. அவர் அதில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கச் சிரமப்பட்டார். பசையினால் என்று ஊர் சொன்னது. மெத்தைக்காரருக்கு மட்டும் தெரியும், குழி.

அன்று சாயங்காலமே, கூட்டம் கலைந்ததும், அத்தானும் மாப்பிள்ளையும் மண்டபத்து வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். சந்தை அடைத்துக்கொண்டிருந்தது. கடைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போய்க்கொண்டிருந்தன.

"ஒண்ணு சொல்லட்டுமா அத்தான்? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு மாப்ளே. இன்னைக்கு இதுக்கு மேல என்ன இருக்கு?"

"எங்க மருந்துக்கடையம்மா காலையில என்கிட்ட சொல்லி அனுப்பினது, பன்னெண்டுல ஆரம்பி, முடியலைன்னா ஆறு வரைக்கும் இறங்குன்னு."

நாற்காலி கைநழுவியபோது வராத வலி மெத்தைக்காரருக்கு இப்போது நெஞ்சில் குறுக்காக ஓடியது.

"ஆறா?"

"ஆறு."

"கனவுல நான் ஆறுன்னு சொன்னேனே! பிடிச்சேனே ஆறை!"

"பிடிச்சீங்க. நான் சும்மா ஒரு தடவை எட்டுன்னு போட்டுப் பார்த்தேன். குலுக்கிட்டீங்க."

"இன்னும் ஒரு சுரண்டல் சுரண்டியிருந்தா?"

"இறங்கியிருப்பேன்."

"சொல்லக் கூடாதா, படுபாவி?"

"எப்படிச் சொல்றது? நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

இரண்டு மாதம் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம் என்ற அந்த வருத்தம் மெத்தைக்காரரை விட்டு நகரவேயில்லை. சாப்பிடும்போது வரும், பஞ்சு எடை போடும்போது வரும். சட்டென்று நின்று "ஆறு" என்பார், மனைவி "எட்டு" என்று திருத்துவாள்.

மழை வந்து போனது. பட்டறை மூடி ஆறாவது மாதம் முடிந்த மறுநாள் காலையில் அந்த நீல நகத்துப் பெண் கடைக்கு வந்தாள். தெருவில் பஞ்சு பறந்துகொண்டிருந்தது, பனி பெய்கிற தேசத்தில் பனி பெய்கிற மாதிரி. கணக்கு மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்தாள். எட்டு நகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டு கட்டைவிரலில் மட்டும் நுனியில், வானம் போய் மறைகிற இடத்தில் தெரிகிற கோடு மாதிரி, நீலம் மிச்சமிருந்தது.

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்றார் மெத்தைக்காரர். குரலில் ஒரு ஆசுவாசம் இருந்தது. அவர் கொடுத்த இரண்டு மாதமும் வீணாகவில்லை, அந்தக் கட்டைவிரல்களில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"இருக்கு. ஆனா ஊசி பிடிக்கறப்ப கட்டைவிரலுக்கு நூல் சுத்திக்கிட்டா துணியில படாது. வீட்டுல தைச்சுப் பார்த்தேன்." ஒரு வெள்ளை உறையை எடுத்து மேசைமேல் போட்டாள். முழம் முழமாகப் பார்த்தார். ஒரு பொட்டு நீலம் இல்லை.

"சரி, கூலி பேசிக்கலாம்" என்றார், வாயால் ஒரு தொகையைச் சொல்லத் தொடங்கி.

அவள் தலையை ஆட்டினாள். சுவரில் மாட்டியிருந்த துண்டை அவளாகவே எடுத்துத் தன் கையின்மேல் போட்டுக்கொண்டு நீட்டினாள்.

மெத்தைக்காரர் கையைத் துண்டுக்குள் விட்டார். சின்னக் கை. விரல் நுனியெல்லாம் சொரசொரப்பு. அது அவருடைய விரல்களைத் தேடி, ஐந்தையும் பிடித்து, மெல்ல அழுத்தியது, அவசரமே இல்லாமல். அப்புறம் நான்கைப் பிடித்தது. அவருக்குக் காலடியில் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தத் தரம் தூங்கிடாதீங்க" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"தூங்கலை, தந்திரம்" என்றார் மெத்தைக்காரர், கண்ணைத் திறக்காமலே, உள்ளங்கையில் ஒரு சுரண்டல் சுரண்டியபடி.